எத்தனை இஞ்ச் சக்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழில்நுட்பமும் நாளைய இந்தியாவும்'. நாளைய இந்தியாவைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது லேத். அதிலும் இன்று நான் பேசப்போவது லேத்தின் ஓர் உறுப்பைப் பற்றி மட்டும். தலைப்பை மாற்றியதற்குச் செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் கல்லூரியில் படித்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போடும் தம்பிமார் வருடத்துக்கு ஓரிருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, ஆறடி லேத் ஒண்ணு பேசி முடிச்சாச்சு. எத்தனை இஞ்ச் சக் போடலாம்?" லேத் எடுக்கும்போது பத்து நாள் யோசிக்கிறார்கள். கோயம்புத்தூரா, ராஜ்கோட்டா, பட்டாலாவா, புதுசா பழசா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். சக் மட்டும் கடைசியில், பில் போடும் நேரத்தில், கடைக்காரர் சொல்வதாக ஆகிவிடுகிறது. நம் பாடப் புத்தகத்தைத் திறந்தால் சக்கின் வகைகள் படத்தோடு இருக்கும். எந்த அளவை எப்படித் தேர்வது என்று ஒரு பாரா கூட இருக்காது. நாமும் 'எவையேனும் நான்கு வகைகளை விவரி' என்ற கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

மெக்கானிக்கல் அல்லாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. லேத்தில் சுழல்வது வேலைப்பொருள். வெட்டும் உளி சுழலாது. சுழலும் பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரும்புக் கைதான் சக். அதன் விரல்களை 'ஜா' என்போம். மூன்று ஜாவும் ஒரே சாவியில் சேர்ந்து நகர்ந்தால் அது ட்ரூ சக். உள்ளே இருக்கும் ஸ்குரோல் என்ற சுருள் பல் தட்டு மூன்றையும் ஒன்றாக நகர்த்தும். நாலு ஜாவும் தனித்தனியே நகர்ந்தால் அது டாக் சக். இந்தப் பெயர்கள் வெளிநாட்டுக் கேட்டலாக்கில் இப்படி இராது. நம் நாட்டுப் பட்டறைகளில் இதுதான் பெயர். கடையில் போய் 'இண்டிபெண்டன்ட்' என்று கேட்டால் ஒரு நொடி முழிப்பார்கள். 'டாக் சக்' என்றால் உடனே எடுத்துப் போடுவார்கள்.

சரி, எத்தனை இஞ்ச்? கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வாசலில் என்ன சோலி வரும்?"

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் பட்டறை என்றால் விசைப்படகு வேலை: புரொப்பல்லர் சாஃப்ட், கப்ளிங் பிளேஞ்ச், கன்மெட்டல் புஷ். குலசேகரம், திருவட்டார், அருமனை என்று மேற்கே போனால் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினின் ரோலர் வரும். கோணம் தொழிற்பேட்டையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்தால் லாரி பிரேக் டிரம், மோட்டார் சாஃப்ட், பம்ப் இம்பெல்லர் என்று கலந்து வரும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளின் பெரிய உறுப்புகள் நம் ஆறடி லேத்துக்கு ஏறாது; அவற்றின் புஷ்ஷும் பின்னும்தான் நமக்கு. இந்த நாலு பட்டறைக்கும் நாலு விதமான சக் வேண்டும். லேத் ஒன்றாகவே இருந்தாலும் சரி. ஏற்கெனவே பட்டறை நடத்துகிறவர் என்றால் பில் புத்தகத்தை எடுத்து மூன்று மாதத்துப் பில்லில் வேலைப்பொருளின் விட்டத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பத்தில் எட்டு எந்த விட்டத்துக்குள் விழுகிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். என்றைக்கோ ஒருநாள் வரும் பெரிய உருப்படிக்காகச் சக் வாங்குவது, வருடத்துக்கொருமுறை வரும் விருந்தாளிக்காக வீட்டு வாசலை இடித்துப் பெரிதாக்குவது போலத்தான்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல் வகுத்தல்தான்.

படகு எஞ்சினுக்கு ஒரு கப்ளிங் பிளேஞ்ச் கடைய வந்திருக்கிறது என்று வைப்போம். வெளி விட்டம் 180 மி.மீ. நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் பாஸ் 60 மி.மீ. மைல்டு ஸ்டீல். 2 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.25 மி.மீ. பீடு கொடுக்கிறோம். வெட்டுப்படும் பரப்பு அரை சதுர மில்லிமீட்டர். மைல்டு ஸ்டீலுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ விசை என்று தோராயமாக எடுத்தால், உளி 100 கிலோவோடு பொருளைப் பின்னுக்கு இழுக்கிறது. வெளி விளிம்பில், அதாவது மையத்திலிருந்து 90 மி.மீ. தூரத்தில் இழுக்கிறது.

சிறிய சக்காக இருந்தால் வெளி விட்டத்தைப் பிடிக்க முடியாது; பாஸைத்தான் பிடிக்கலாம். பாஸின் ஆரம் 30 மி.மீ. ஆக, அந்த 100 கிலோவைத் தாங்க ஜாவின் முகத்தில் 300 கிலோ உராய்வு வேண்டும். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால் மூன்று ஜாவும் சேர்ந்து 1500 கிலோ அழுத்த வேண்டும். அதே பிளேஞ்சை ஜாவைத் திருப்பிப் போட்டு வெளி விளிம்பில் பிடித்து முகத்தைக் கடைந்தால் 500 கிலோ போதும். பாதுகாப்புக்கு இரண்டையும் இரட்டித்துக்கொண்டாலும் விகிதம் மாறாது: மூன்றுக்கு ஒன்று. வெட்டும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்கிறோமோ அவ்வளவுக்குச் சக்கின் வேலை லேசாகிறது. 160 மி.மீ. சக் இந்த உருப்படியை வெளியே பிடிக்கத் திணறும். 200 மி.மீ. சக் திருப்பிய ஜாவில் சுகமாகப் பிடிக்கும்.

பொதுவாக, ட்ரூ சக்கில் சாதாரண ஜா போட்டு வெளிப்பக்கமாகப் பிடிக்கக்கூடிய விட்டம், சக்கின் அளவில் ஏறத்தாழப் பாதி. அதற்கு மேலே போனால் திருப்பு ஜா செட். அதில் சக்கின் அளவு வரைக்கும் போகலாம். டாக் சக்கில் அதே ஜாவைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ட்ரூ சக்கில் ஒற்றைத் துண்டு ஜா என்றால் திருப்பு ஜா தனி செட்டாக வரும். சில பேர் சக் வாங்கும்போது அந்தச் செட்டைக் கேட்டு வாங்குவதில்லை. பிறகு 'சக் சின்னதாப் போச்சு' என்கிறார்கள். சக்கின் பேரில் குற்றமில்லை. பாதிச் சக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஜாவில் 1, 2, 3 என்று எண் அடித்திருக்கும். அந்த வரிசையில்தான் ஏற்ற வேண்டும் என்பது முதலாம் ஆண்டு மாணவருக்கும் தெரியும்.

சிறிய சக்கில் பெரிய உருப்படியைப் பிடிப்பதில்தான் உண்மையான ஆபத்து. ஜா வெளியே வர வர, ஸ்குரோலோடு கவ்வியிருக்கும் பற்களின் எண்ணிக்கை குறைகிறது. முழுதாக உள்ளே இருக்கும்போது நாலைந்து பல் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். வெளியே இழுத்துவிட்டால் ஒன்றோ இரண்டோதான். அந்த நிலையில் சாவியில் குழாய் மாட்டி இறுக்கினால் பல் உடையும், அல்லது ஸ்குரோல் விரியும். உடைவது கூடப் பரவாயில்லை, நின்றுவிடும். உடையாமல் ஓடுவதுதான் மோசம். சக்கின் உடம்பை விட்டு ஒரு இஞ்ச் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஜா, 400 சுற்றில் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. சக்கின் விளிம்பு மட்டுமே தெரியும். அதற்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு புகை மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கடற்கரைப் பக்கம் ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், 6 இஞ்ச் சக்கில் அதைவிடப் பெரிய பிளேஞ்சைப் பிடித்து எமரித்தாள் போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். இருபது வருட அனுபவம். தாளைப் பின்னுக்கு இழுத்த நேரம் புறங்கை அந்தப் புகைக்குள் போய்விட்டது. இரண்டு விரல். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம் சொன்னது: "ஜாவ நான் பாக்கல்ல தம்பி, சக்கத்தான் பாத்தேன்." சக் அங்கே ஒரு படி பெரிதாக இருந்திருந்தால் ஜா உடம்புக்குள்ளேயே நின்றிருக்கும். அந்தப் பட்டறை முதலாளி கெட்டவர் அல்லர். மாதக்கணக்கில் '8 இஞ்ச் ஒண்ணு எடுக்கணும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்தான்.

இதைக் கேட்டதும், 'அப்போ பெருசாவே போட்டுருவோம், 12 இஞ்ச் எடுத்தா எந்தக் கவலையும் இல்லை' என்று தோன்றும். அங்கேதான் மறுபக்கக் கணக்கு வருகிறது.

சக்கின் அளவுகளைக் கவனித்திருக்கிறீர்களா? 100, 125, 160, 200, 250, 315, 400. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு. பத்துப் படி ஏறினால் சரியாகப் பத்து மடங்கு. மூன்று படி ஏறினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்த ஏணியைப் போட்டுக் கொடுத்தவர் சார்ல் ரெனார் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1870-களில் ராணுவ பலூன்களுக்கான கயிறுகள் நூற்றுக்கணக்கான தடிமன்களில் குவிந்து கிடப்பதைக் கண்டு, அவற்றை 17 அளவுகளாகச் சுருக்கினார். பலூன் கயிற்றுக்காகப் போட்ட கணக்கு இன்று நம் கோணம் பட்டறைகளில் சக்காக நிற்கிறது. நம்மவர் பேச்சில் 160 என்பது 6 இஞ்ச், 200 என்பது 8, 250 என்பது 10, 315 என்பது 12. துல்லியமாகப் பார்த்தால் ஒட்டாது, ஆனால் சோலிக்கு அது போதும்.

இந்த ஏணியில் ஒரு படி ஏறினால், எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்வதாக வைத்தால், எடை இரட்டிப்பாகும். நிலைமத் திருப்புத்திறன் மூன்று மடங்குக்குச் சற்று மேல் போகும், ஏனென்றால் அது விட்டத்தின் ஐந்தாம் படியில் வளர்கிறது. நிஜத்தில் சக்கின் தடிமன் அந்த அளவுக்கு வளர்வதில்லை என்பதால் இது கொஞ்சம் குறையும். 8 இஞ்ச் ட்ரூ சக் சுமார் 15 கிலோ, 10 இஞ்ச் 25 கிலோவைத் தாண்டும். சுழற்றி எடுக்கும் பாரம் இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 8-லிருந்து 12-க்குத் தாவினால் ஆறேழு மடங்கு. அந்தப் பாரத்தை ஒவ்வொரு தடவையும் ஓட வைப்பதும் நிறுத்துவதும் மோட்டார், பெல்ட், கிளட்ச், முன் பேரிங். நாள் முழுக்கச் சின்ன புஷ் கடைந்து ஐந்து நிமிடத்துக்கொருமுறை நிறுத்தி எடுக்கும் பட்டறையில் 12 இஞ்ச் சக் மாட்டினால், பகலெல்லாம் அந்த இரும்புச் சக்கரத்தைச் சுழற்றி நிறுத்துவதற்கே கரண்ட் பில் கட்டுகிறோம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம், பழைய லேத் வாங்குபவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நம் பக்கம் செகண்ட் ஹேண்டாக வரும் லேத் பலவற்றில் ஸ்பிண்டில் மூக்கு மரையாக இருக்கும். சக்கை மரையில் திருகி ஏற்றியிருப்பார்கள். முன்னோக்கி ஓடிக் கடையும்போது வெட்டு விசை சக்கை மேலும் இறுக்கும். ஆனால் திடீரென்று பிரேக் போட்டால் ஸ்பிண்டில் நிற்கும், சக் நிற்க மனமில்லாமல் அதே திசையில் ஓடப் பார்க்கும். அது கழலும் திசை. ரிவர்ஸில் ஓட்டினாலும் அப்படியே. சக் பெரிதாகப் பெரிதாக இந்தக் கழலும் வேகம் அதிகம். மரை மூக்கு லேத்தில் பெரிய சக்கும் ரிவர்ஸும் பிரேக்கும் சேரவே கூடாது. கேம்லாக் மூக்கோ பிளேஞ்ச் மூக்கோ இருந்தால் இந்தப் பயமில்லை.

வேகத்துக்கும் வருவோம். ஒவ்வொரு ஜாவும் மையவிலக்கு விசையால் வெளியே ஓடப் பார்க்கிறது. ஒரு கிலோ எடையுள்ள ஜா, அதன் பாரமையம் அச்சிலிருந்து 80 மி.மீ. தள்ளி, 1500 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால் 200 கிலோ வரும். மூன்று ஜாவுக்கும் சேர்த்து 600 கிலோ, நீங்கள் சாவியால் இறுக்கிய பிடியிலிருந்து கழிந்து போகிறது. 500 சுற்றில் ஒரு ஜாவுக்கு வெறும் 22 கிலோதான், ஏனென்றால் இது வேகத்தின் இருமடியில் போகிறது. பெரிய சக்கில் ஜாவும் கனம், தூரமும் அதிகம். அதனால்தான் சக் பெரிதாகும்போது அதன் உச்ச வேகம் குறைகிறது. முகத்தில் அந்த எண்ணை அடித்திருப்பார்கள். அடிக்காத சக்கை வாங்காதீர்கள். துளைக்குள் ஜாவை விரித்து உட்பக்கமாகப் பிடித்தால் கதை தலைகீழ். வேகம் கூடினால் பிடியும் கூடும். சி.என்.சி. படித்துவிட்டு வரும் தம்பிமாருக்கும் இதே கணக்குதான். அங்கே ஹைட்ராலிக் இறுக்கும், ஆனால் 3000, 4000 சுற்று என்று ஓடுவதால் கழிவும் பெரிது. கனமான சாஃப்ட் ஜாவைப் போட்டுவிட்டு வேகத்தைக் குறைக்காமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே நிற்கவே மனம் வராது.

பெரிய சக்கின் இன்னொரு தொந்தரவு சத்தமில்லாமல் வருவது. 12 இஞ்ச் சக்கில் 20 மி.மீ. கம்பியைப் பிடித்தால், கிராஸ் ஸ்லைடு கிட்டே போக முடியாது, ஜாவில் இடிக்கும். அதனால் டூலை நீட்டிப் பிடிக்கிறோம். நீட்டம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. உடனே பொருளில் அலை அலையாக வரி விழும். 'லேத்து ஆடுது, பேரிங் போச்சு' என்று மேஸ்திரி சொல்வார். பேரிங் நன்றாகத்தான் இருக்கும்.

ஆக, நடைமுறையில் நான் சொல்லும் வழி இது. லேத்தின் சென்டர் உயரம் எத்தனையோ அதையொட்டி ட்ரூ சக். அதற்கு ஒரு படி மேலே டாக் சக். 8½ இஞ்ச் சென்டர் உயரமுள்ள லேத்துக்கு 8 இஞ்ச் ட்ரூ, 10 இஞ்ச் டாக். அதற்கு மேல் விட்டமுள்ள உருப்படி வந்தால் பேஸ் பிளேட்டில் போல்ட் போட்டுப் பிடிக்கலாம். கேப் பெட் இருந்தால் பாலத்தைக் கழற்றிக்கொள்ளலாம். எந்தச் சக்கானாலும் ஜாவை வேலைக்கு வேண்டிய அளவு விரித்து, சுவிட்சைப் போடும் முன்பு கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும், பெட்டிலும் கேரேஜிலும் இடிக்கிறதா என்று. இந்த வழிக்கும் மேலே நிற்பது உங்கள் பில் புத்தகம். முழுக்க மோட்டார் சாஃப்டும் சின்ன புஷ்ஷும்தான் என்றால் அதே லேத்தில் 6 இஞ்ச் மாட்டி நிம்மதியாக இருங்கள்.

படகு வேலைக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. புரொப்பல்லர் சாஃப்ட் நீளமானது. ஆறடி லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே மூன்றடி சுமார்தான் இடம். மீதியைச் சக்கின் துளை வழியாக, ஸ்பிண்டில் வழியாகப் பின்னால் விட வேண்டும். 200 மி.மீ. சக்கில் துளை 55 மி.மீ. அளவில் இருக்கும், 250-இல் 76, 315-இல் 100-க்கு மேல். இரண்டரை இஞ்ச் சாஃப்ட் என்றால் 63 மி.மீ. அதனால் '10 இஞ்ச் எடுத்தால் நுழையுமே' என்று எடுக்கிறார்கள். சக்குக்குள் நுழையும். அதற்குப் பின்னால் ஸ்பிண்டில் துளை 52-ஆக இருந்தால் நாலு இஞ்ச் போனதும் முட்டி நிற்கும். சக்கும் ஸ்பிண்டிலும் இரண்டில் எது சிறிதோ அதுதான் உங்கள் துளை. இதை லேத் வாங்கும்போதே கேட்க வேண்டும். சக் மாற்றித் தீராது. பத்தடி, பன்னிரண்டடி பெட் உள்ள லேத் இருக்கும் பட்டறையில் சாஃப்டைக் கொடுத்துவிட்டு, பிளேஞ்சையும் புஷ்ஷையும் நாம் செய்து கொடுப்பது கௌரவக் குறைவொன்றும் இல்லை.

புஷ் என்றதும் நினைவு வருகிறது. மெல்லிய கன்மெட்டல் புஷ்ஷைப் பெரிய சக்கில், பெரிய சாவியால், வழக்கமான வேகத்தில் இறுக்கிக் கடைந்தால் துளை வட்டமாகத்தான் வரும். கழற்றியதும் மூன்று பக்கம் பிதுங்கிய வட்டமாகிவிடும். சாஃப்ட் ஜாவை உருப்படியின் அளவுக்கே கடைந்து, முழுச் சுற்றும் அணைத்துப் பிடிக்க வேண்டும். சக் சிறிதாக இருந்தால் கைக்குப் பிடியின் அளவு தெரியும் என்பதும் உண்மை.

ரப்பர் ரோலருக்கு ட்ரூ சக்கே வேண்டாம் என்பது என் கட்சி. ஐந்து இஞ்ச் விட்டம், இரண்டடி நீளம், திண்டாக வார்த்த இரும்பு என்றால் ஐம்பது கிலோவைத் தாண்டும். தேய்ந்த கழுத்தைச் சரி செய்ய வருவார்கள். ரோலரின் உடம்பு அச்சோடு சரியாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஷீட் ஒரு பக்கம் தடிப்பும் ஒரு பக்கம் மெலிவுமாக வரும், வியாபாரி விலையைக் குறைப்பார். 10 இஞ்ச் டாக் சக்கில் உடம்பைப் பிடித்து, மறுமுனையில் ஸ்டெடி கொடுத்து, டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு ஜாவாகத் தள்ளிச் சமன் செய்தால் மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்குக்குள் கொண்டு வரலாம். கொஞ்சம் தேய்ந்த ட்ரூ சக்கில் நூற்றில் பத்துப் பங்கு ஆடுவது சர்வ சாதாரணம். டாக் சக்கில் சமன் செய்யக் கால் மணி நேரம் ஆகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். பழகிய கைக்கு ஐந்து நிமிடம்.

கடைசியாக, நம் வீட்டு விஷயம். சங்கம் இந்த ஆண்டு நம் பணிமனைக்கு ஒரு லேத் வாங்கித் தருகிறது. நல்ல காரியம். கொட்டேஷனைப் பார்த்தேன். ஆறடி பெட், 8½ இஞ்ச் சென்டர் உயரம், 3 குதிரைத்திறன் மோட்டார் எல்லாம் தெளிவாக இருக்கிறது. சக் என்ற இடத்தில் 'ஸ்டாண்டர்டு' என்று ஒரே வார்த்தை. நிர்வாகக் குழுவில் சிலர், 'கொடுக்கிறதுதான் கொடுக்கோம், 12 இஞ்ச் கொடுப்போம், பார்க்கவும் கம்பீரமா இருக்கும்' என்றார்கள். அவர்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த லேத்தில் நிற்கப்போவது பதினெட்டு வயசுப் பிள்ளைகள். அவர்கள் பிடிக்கப்போவது 25 மி.மீ., 40 மி.மீ. கம்பி. 50 கிலோ வரும் சக்கைக் கழற்றி மாட்ட இரண்டு பேர் வேண்டும். கை நழுவினால் பெட்டின் மேல் விழும், அல்லது காலின் மேல்.

என் வேண்டுகோள் இது. 8 இஞ்ச் ட்ரூ சக் ஒன்று, திருப்பு ஜா செட்டோடு. 10 இஞ்ச் டாக் சக் ஒன்று. பேஸ் பிளேட், ஸ்டெடி, காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ். சக் சாவி ஸ்பிரிங் வைத்ததாக இருக்கட்டும். கையை எடுத்தால் தானே வெளியே தள்ளிக்கொள்ளும், சாவியைச் சக்கிலேயே மறந்துவிட்டுச் சுவிட்சைப் போடும் பேச்சே இராது. சக் மாற்றும்போது பெட்டின் மேல் வைத்துக்கொள்ள ஒரு மரத்தொட்டில் வேண்டும். அதற்கு ஆர்டர் போட வேண்டாம், பலாக்கட்டை ஒன்று கிடைத்தால் நம் தச்சுப் பிரிவே செய்துவிடும்.

ஆர்டர் போகும் முன்பு பொருளாளர் அண்ணன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு ஸ்பிண்டில் மூக்கு எந்த வகை, துளை எத்தனை மி.மீ. என்ற இரண்டையும் கேட்டுக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். முடிந்தால் கேம்லாக். டாக் சக்குக்கான பேக் பிளேட்டைக் கடையாமல் வார்ப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள். அதை அந்த லேத்திலேயே, அந்த ஸ்பிண்டிலிலேயே மாட்டிக் கடைந்தால்தான் சக் சரியாக உட்காரும். மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கையர் இரண்டு பேர் அதைச் செய்யட்டும். நான் ஒரு சனிக்கிழமை வந்து கூட நிற்கிறேன்.